சீவி கேட்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

கொழும்பில் பல பீடங்களில் மூன்றாம் வருடத்தின் நடுவில் ஓர் அறிவித்தல் வரும். கைத்தொழிற் பயிற்சிக்குப் போக விரும்புவோர் வெள்ளிக்கிழமைக்குள் சீவியை, அதாவது தங்கள் சுயவிபரக் கோவையை, அனுப்ப வேண்டும் என்று. அன்றிரவு பெட்ச் வட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான் ஓடும்: யாரிடமாவது மாதிரி சீவி இருக்கிறதா? யாரோ ஓர் அண்ணாவின் சீவி வந்து விழும். நாற்பது பேர் அதில் பெயரை மாற்றி அனுப்புவார்கள். ஓலெவல் ஒன்பது ஏ, உயர்தரப் பெறுபேறு, இசட் புள்ளி, பாடசாலையில் மாணவர் தலைவர் என்று பக்கத்தின் மேல்பாதி நிறைந்துவிடும். கம்பஸுக்கு வந்து இரண்டரை வருடமாகிறது, அந்த இரண்டரை வருடத்தைப் பற்றி எழுத ஒரு வரி இருக்காது.

பட்டம் முடிந்த பிறகு வேலை தேடலாம் என்பது பழைய கணக்கு. மென்பொருள், கணக்காய்வு, வங்கி, ஆடைத் தொழில் என்று கொழும்பில் பட்டதாரிகளை எடுக்கும் துறைகளில் பயிற்சிக்கு வந்தவர்களையே பார்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஆகவே உண்மையான கெடு பட்டமளிப்பு நாளல்ல, சீவி கேட்கும் அந்த வெள்ளிக்கிழமை. அங்கிருந்து பின்னால் எண்ணிப் பாருங்கள். அந்த நாளில் கையில் இருக்கக்கூடியது அதிகம் போனால் நான்கு செமஸ்டர் பெறுபேறு, அதுவும் வேலைநிறுத்தம், தாமதம் எதுவும் இல்லாவிட்டால். அத்தோடு இரண்டு நீண்ட விடுமுறைகள். இவ்வளவுதான் கையிருப்பு. முதலாம் வருட மாணவருக்கு உதவ நினைக்கும் அக்கா, அண்ணா, பெற்றோர், ஆசிரியர் எல்லோரும் முதலில் செய்ய வேண்டியது இந்த எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வைப்பதுதான்.

புள்ளிக் கணக்கிலிருந்து தொடங்குவோம். இதை யாரும் முதலாம் வருடத்தில் போட்டுக் காட்டுவதில்லை. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின்படி நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு ஆகக் குறைந்தது 120 கிரெடிட், அதாவது பாடங்களுக்குக் கொடுக்கப்படும் நிறை அலகு. வருடத்துக்கு 30 என்று வைப்போம். பல பீடங்களில் முதல் வகுப்புக்கு 3.70 ஜிபிஏ (எல்லாப் பாடங்களினதும் தரப்புள்ளிச் சராசரி), இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30, கீழ்ப்பிரிவுக்கு 3.00 தேவை. முதலாம் வருடத்தை 2.60 இல் முடித்த ஒருவர் கீழ்ப்பிரிவுக்கு வர, மீதி 90 கிரெடிட்டிலும் சராசரியாக 3.13 எடுத்தால் போதும். மேற்பிரிவுக்கு 3.53 வேண்டும். முதல் வகுப்புக்கோ 4.07 வேண்டும். அளவுகோல் 4.00 இல் முடிந்துவிடுவதால் அந்தக் கதவு அவருக்கு முதலாம் வருடத்திலேயே மூடிவிட்டது. நான்காம் வருடத்தில் விடிய விடியப் படித்தாலும் திறக்காது.

சில பீடங்கள் முதலாம் வருடத்தைக் கணக்கில் எடுப்பதில்லை, சில பீடங்கள் பிந்திய வருடங்களுக்குக் கூடுதல் நிறை கொடுக்கின்றன. மறுமுறை எழுதும் பாடத்தில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி-க்கு மேல் கிடைக்காத விதியும் பல இடங்களில் உண்டு. இதெல்லாம் பீடத்தின் மாணவர் கையேட்டில் இருக்கிறது. முதல் மாதத்தில் அந்தக் கையேட்டின் பரீட்சை விதிகளை மட்டும் ஒருமுறை வாசித்து, எக்செல்லில் பாடம், கிரெடிட், தரம் என்று மூன்று நிரல் போட்டு வைத்தால் ஒவ்வொரு பெறுபேறும் வரும்போது எங்கே நிற்கிறோம் என்று தெரியும். முதல் செமஸ்டர் சறுக்கியவருக்கு இது பயங்காட்டும் கணக்காகத் தோன்றலாம். உண்மையில் எந்த இலக்கு இன்னும் எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று சரியாகச் சொல்வதும் இந்தக் கணக்குத்தான்.

அடுத்தது, வேலை என்றால் என்ன என்று கண்டுபிடிப்பது. உயர்தரத்தில் நமக்கு டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன், லோயர், டீச்சர் என்று ஐந்து சொல் தெரியும். கம்பஸுக்கு வந்த பிறகும் பலருக்கு அந்த ஐந்துக்கு மேல் தெரிவதில்லை. ஒரு வங்கியில் கடன் இடரைக் கணிப்பவர், ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் சரக்கு ஆவணம் பார்ப்பவர், மென்பொருள் நிறுவனத்தில் சோதனை எழுதுபவர் எல்லோரும் நம்மோடு 100 ஆம், 101 ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதியால் தினமும் போய் வருகிறார்கள். அவர்கள் காலையில் போய் மாலை வரை என்ன செய்கிறார்கள் என்று நாம் கேட்டதில்லை.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "அண்ணா, இந்த ஃபீல்டில் ஸ்கோப் இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு, நல்லாப் படி" என்றுதான் வரும். அந்த விடையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம் அக்கா. நான் முகாமைத்துவ பீடத்தில் முதலாம் வருடம். எங்கள் சீனியர் ஒருவரிடம் உங்கள் நம்பர் கேட்டு வாங்கினேன். நீங்கள் கணக்காய்வில் இருப்பதாகச் சொன்னார். வேலை கேட்டு எழுதவில்லை. இந்த வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று 15 நிமிடம் கேட்க ஆசை. ஞாயிறு பின்னேரம் உங்களுக்கு வசதியா?"

யார், எப்படி நம்பர் கிடைத்தது, என்ன வேண்டும், எவ்வளவு நேரம், எப்போது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. வேலை கேட்கவில்லை என்ற வரியை விட்டுவிடாதீர்கள். வேலையில் இருப்பவர்களுக்கு இப்படி வரும் செய்திகளில் பெரும்பாலானவை சீவியோடு வருகின்றன, திறந்து பார்க்கவே தயங்குவார்கள். போனில் மூன்று கேள்வி போதும். போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதிலிருந்து என்னென்ன செய்தீர்கள்? உங்களோடு சேர்ந்தவர்களில் ஆறு மாதத்தில் விட்டுப் போனவர்கள் ஏன் போனார்கள்? நீங்கள் இப்போது முதலாம் வருடம் என்றால் எந்த ஒன்றைப் பழகுவீர்கள்? செவ்வாய்க்கிழமை என்று குறிப்பாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பொதுவாகக் கேட்டால் பதவி விளக்கம் வரும். ஒரு நாளைப் பிடித்துக் கேட்டால்தான் நான்கு மணி நேரம் எக்செல் தாளைச் சரிபார்த்தேன், வாடிக்கையாளரின் களஞ்சியசாலையில் பெட்டி எண்ணினேன் என்று வேலையின் உண்மையான முகம் வெளியே வரும். அது பிடிக்கிறதா என்று அப்போதுதான் நமக்குத் தெரியும். முதலாம் வருடம் முடிவதற்குள் ஐந்து வெவ்வேறு வேலையில் இருக்கும் ஐந்து பேரோடு பேசினால் போதும். பேசி ஒரு மாதம் கழித்து, நீங்கள் சொன்னதை இவ்வளவு தூரம் செய்தேன் அக்கா என்று இரண்டு வரி அனுப்புங்கள். மூன்றாம் வருடத்தில் அவருக்கு உங்கள் பெயர் ஞாபகம் இருப்பது அந்த இரண்டு வரியால்தான்.

பேச ஆள் கிடைக்காதவர்கள் விளம்பரங்களை வாசிக்கலாம். டொப்ஜொப்ஸ், லிங்க்ட்இன் ஆகிய இணையத்தளங்கள் இரண்டிலும் விருப்பமான பதவிக்கு 20 விளம்பரம் எடுத்து, கேட்கும் பட்டம், கேட்கும் மென்பொருள் அல்லது கருவி, கேட்கும் மொழி, கேட்கும் அனுபவம் என்று நான்கு நிரலில் எழுதுங்கள். இருபதில் பதினைந்தில் வருவதை இந்த வருடம் பழகுவது, மூன்றில் மட்டும் வருவதை விட்டுவிடுவது. மூன்றாயிரம் ரூபாவில் இருந்து மூன்று இலட்சம் வரை சான்றிதழ் விற்கும் இடங்கள் கொழும்பில் நிறைய. இந்தத் தாள் கையில் இருந்தால் எதற்குப் பணம் கட்டலாம், எதற்குத் தேவையில்லை என்று பெற்றோருக்கும் விளங்கும்.

இனி விடுமுறை. ஒரு விடுமுறைக்கு ஒரு வேலை, முடிந்த வேலை, வேறொருவர் பயன்படுத்திய வேலை. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அது சீவியில் நிற்கும். புள்ளிவிவரம் படிப்பவர், தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாதாமாதம் வெளியிடும் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் தரவை எடுத்து, உணவு விலையையும் உணவல்லாத விலையையும் பிரித்து ஐந்து வருடத்துக்கு வரைபடம் போடலாம். கணினி படிப்பவருக்கு, யாரும் நிரலைப் பார்த்துத் திருத்த உதவக்கூடிய திறந்த மூலத் திட்டங்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட வேலையில் மாணவர்களைச் சேர்த்துவிடும், 2005 இல் தொடங்கிய கூகுள் சமர் ஒஃப் கோட் திட்டத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் பல வருடம் உலகின் முன்வரிசையில் நின்றார்கள். சீனியர் ஜூனியருக்கு விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று சொல்லிக் கொடுக்கும் பழக்கத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அந்தப் பழக்கத்தை எந்தப் பீடத்திலும் தொடங்கலாம். வரலாறு, தமிழ் படிப்பவர்களுக்கு, ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் நூலகம் திட்டம் போன்ற இடங்களில் ஆவணங்களை வகைப்படுத்தும் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். கலைப்பீடம் என்றால் டீச்சர் வேலைதான் என்று நினைக்கும் பிள்ளைக்கு, ஆவணப்படுத்தலும் மொழிபெயர்ப்பும் தனித் தொழில் என்று அங்கேதான் தெரியவரும்.

இந்த இடத்தில் ஒரு சீவி வரியைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். "தலைமைத்துவம், குழுவாக இயங்கும் ஆற்றல், கணினி அறிவு." இது யாருடைய சீவியிலும் இருக்கும், ஆகவே யாரைப் பற்றியும் எதுவும் சொல்லாது. அதே மாணவி பீடத் தமிழ் விழாவுக்கு அனுசரணை திரட்டும் குழுவில் இருந்தவர். என்ன செய்தீர்கள் என்று நான்கு முறை விடாமல் கேட்டால் இப்படி வரும்: "தமிழ் விழாவுக்கு 14 நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதி, 9 இடத்துக்கு நேரில் போய், 4 நிறுவனங்களிடம் அனுசரணை பெற்றேன். வரவு செலவைப் பேணி விழா முடிந்து ஒரு வாரத்தில் கணக்கு ஒப்படைத்தேன்." இரண்டாவது வரியை வாசிப்பவருக்குக் கேள்வி கேட்க ஆசை வரும். நேரில் போயும் தராத அந்த ஐந்து நிறுவனங்கள் ஏன் மறுத்தன என்று இன்டர்வியூவில் கேட்பார்கள், அவரிடம் சொல்ல விடை இருக்கும். எண்கள் அப்போதே எழுதி வைத்தால்தான் இருக்கும். இரண்டு வருடம் கழித்து 14 ஆ 40 ஆ என்று ஞாபகம் வராது. போனில் ஒரு குறிப்பு திறந்து, ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு ஐந்து நிமிடம் ஒதுக்கி, இந்த மாதம் செய்தது என்று எண்ணோடு எழுதச் சொல்லுங்கள்.

சீவியின் கடைசியில் நம் நாட்டு வழக்கப்படி, நம்மைப் பற்றி உறுதி சொல்லக்கூடிய, உறவினரல்லாத இரண்டு பேரின் பெயர் போட வேண்டும். இதிலும் கடைசி நேரத்தில்தான் ஓடுவோம். 200 பேர் இருக்கும் விரிவுரை மண்டபத்தில் பின்வரிசையில் இருந்தவரின் முகம் விரிவுரையாளருக்குத் தெரியாது. ஒரு பாடத்திலாவது முன்னால் இருந்து, ஒப்படையில் புள்ளி குறைந்த இடத்தைப் போய்க் கேட்டு, திருத்தி மறுபடி காட்டினால் அந்த விரிவுரையாளருக்கு எழுதுவதற்கு ஒன்று இருக்கும். வெளிநாட்டில் முதுகலைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய விடயம். ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையின் பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லுபடி, ஆகவே அதை இரண்டாம் வருடத்தில் எழுதிக் காசை வீணாக்க வேண்டாம். பரிந்துரைக் கடிதம் தரக்கூடிய உறவை இரண்டாம் வருடத்தில் தொடங்காவிட்டால் பிறகு பணம் கொடுத்தும் வாங்க முடியாது.

சிங்களத்தைப் பற்றிச் சொல்லாமல் கொழும்பில் வேலை பற்றிப் பேச முடியாது. தமிழ்மொழி மூலம் படித்து வந்த பலருக்கு பஸ்ஸில் "பஹினவா" சொல்லி இறங்கும் அளவுச் சிங்களம்தான் இருக்கும். ஆங்கிலம் போதும் என்று நினைப்போம். கூட்டம் ஆங்கிலத்தில் தொடங்கும், ஐந்தாவது நிமிடத்தில் பகிடி சிங்களத்தில் வரும், பத்தாவது நிமிடத்தில் முடிவும் சிங்களத்தில் எடுபடும். சாப்பாட்டு மேசையில்தான் அடுத்த புரொஜெக்ட்டுக்கு யாரைப் போடலாம் என்ற பேச்சு நடக்கும். அங்கே மௌனமாக இருப்பவரைத் திறமை குறைந்தவர் என்று தவறாக எடைபோட்டுவிடுகிறார்கள். இது நம் பிள்ளைகள் பலருக்கு நடக்கும் அநியாயம், ஆனால் முதலாம் வருடத்தில் தொடங்கினால் தவிர்க்கக்கூடியது. செலவில்லாத வழி, பெட்ச்சில் ஒரு சிங்கள நண்பரோடு மாறி மாறிப் பழகுவது. வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம் சிங்களம், அரை மணி நேரம் தமிழ். அவருக்கும் தேவை இருக்கிறது. அரச சேவையில் சேர்பவர்கள் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும் என்பது விதி. ராஜகிரியவில் உள்ள அரசகரும மொழிகள் திணைக்களம் அதற்கான பரீட்சைகளை நடத்துகிறது. எழுத்தை அவசரப்பட வேண்டாம். போனில் பேசுவது, தாமதத்துக்குக் காரணம் சொல்வது, இன்னொருவர் சொன்னதை மறுபடி சொல்லி உறுதிப்படுத்துவது ஆகிய மூன்றையும் பேச்சில் பழகினால் அலுவலகத்தில் பாதித் தூரம் வந்தாயிற்று. மூன்று மொழியும் பேசும் பட்டதாரிக்கு வங்கிகளிலும் தொலைத்தொடர்பு நிறுவனங்களிலும் சட்ட, மொழிபெயர்ப்புத் துறைகளிலும் தனி மதிப்பு இருக்கிறது. நம் தமிழ் அங்கே பாரமல்ல, ஊதியம் தரும் தகைமை.

தொழில்சார் பரீட்சைகளில் மாணவர்கள் அடிக்கடி மோதிக்கொள்வது நேரத்தோடு. பட்டயக் கணக்காளராக வர பரீட்சையோடு மூன்று வருடச் செயன்முறைப் பயிற்சியும் முடிக்க வேண்டும். கம்பஸிலோ விரிவுரைக்கு 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சைக்கு இருக்க விடாத பீடங்கள் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் பிடித்து, வரவு குறைந்து, பட்டம் ஒரு வருடம் பின்தள்ளப்பட்டவர்கள் பலர். ஆரம்பக் கட்டப் பரீட்சைகளை முதல் இரண்டு வருடத்தில் எழுதி, பயிற்சியை விரிவுரை குறையும் காலத்துக்குத் தள்ளுவது பாதுகாப்பான ஒழுங்கு. பட்டத்தில் படித்த பாடங்களுக்கு விலக்கு கிடைக்குமா என்று விண்ணப்பிக்கும் முன்பே பட்டயக் கணக்காளர் நிறுவகத்திடம் எழுத்தில் கேளுங்கள். சட்டபீடத்தில் இருப்பவர்களும் பட்டத்தோடு சட்டத்தரணி ஆகிவிட முடியாது. புதுக்கடையில் உள்ள இலங்கை சட்டக் கல்லூரியின் பரீட்சையும், ஒரு சட்டத்தரணியின் கீழ் பயிற்சியும் மிச்சம் இருக்கும். அந்தக் காலத்துக்கான அறை வாடகையையும் சாப்பாட்டையும் குடும்பம் முன்கூட்டியே கணக்கில் வைக்க வேண்டும், அதுவும் பிள்ளை வன்னியிலோ மலையகத்திலோ இருந்து வந்து வெள்ளவத்தையில் போர்டிங்கில் இருந்தால்.

அரச வேலைதான் என்று வீட்டில் முடிவு என்றால், அதற்கும் காலக்கணக்கு இருக்கிறது. இலங்கை நிர்வாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சைக்கு வயது 22 முதல் 28 வரை. உயர்தரத்தை இரண்டாம் அல்லது மூன்றாம் தடவையில் தாண்டி வந்தவர் நான்கு வருடப் பட்டம் முடிக்கும்போது 26 ஆகிவிடும். மிச்சம் இருப்பது ஓரிரு வாய்ப்புத்தான். பட்டம் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்தால் வயது போய்விடும். கிரகித்தல், பொது அறிவுப் பயிற்சியை மூன்றாம் வருடத்தில் தொடங்க வேண்டும். வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார்க்கும் பழக்கமும் அதோடு வரட்டும். அரச பதவிகளுக்கான அறிவித்தல் அதில்தான் வரும். முடிவுத் திகதி போன பிறகு முகநூலில் பார்த்து வருந்துபவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள்.

பெற்றோருக்கு ஒரு விடயம். "என்ன வேலைக்குப் போகப் போகிறாய்?" என்று முதலாம் வருடப் பிள்ளையிடம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டால், அது விடை தெரியாமல் பொய் சொல்லும் அல்லது எழும்பிப் போகும். "இந்த மாதம் யாரோடு பேசினாய்? அவர் என்ன வேலை செய்கிறார்?" என்று கேளுங்கள். அதற்குப் பிள்ளையால் விடை சொல்ல முடியும். உங்களுக்குத் தெரிந்த ஆட்களில் யாரை அறிமுகப்படுத்தலாம் என்று உங்களுக்கும் தோன்றும். இதற்கெல்லாம் பல்கலைக்கழகத்தில் தொழில் வழிகாட்டல் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இறுதி வருடத்தில் வரிசையில் நிற்கும் கூட்டத்துக்கு முன், முதலாம் வருடத்தில் போனால் ஆறுதலாக இருந்து பேசுவார்கள்.

முதல் வேலைக் கடிதம் வந்ததும் பார்க்க வேண்டியது, ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதி. சம்பளத்தில் உங்களிடம் 8 வீதம் கழித்து, நிறுவனம் 12 வீதம் போட வேண்டும். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நிறுவனம் 3 வீதம். 60,000 ரூபா சம்பளத்தில் உங்கள் பங்கு 4,800, நிறுவனத்தின் பங்கு 7,200 உம் 1,800 உம். இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத கடிதம், பதிவுக் கட்டணம் கேட்கும் நிறுவனம், சுற்றுலா விசாவில் தாய்லாந்துக்கு டேட்டா என்ட்ரி வேலைக்கு அழைக்கும் தெரியாத நம்பர் இவற்றிலிருந்து விலகி நில்லுங்கள். அப்படிப் போய் மியன்மாரின் இணைய மோசடி முகாம்களில் நம் நாட்டு இளைஞர்கள் அடைபட்டதை நாம் பார்த்தோம். வெளிநாட்டு வேலை என்றால் முகவருக்கு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று முதலில் பணியகத்தில் கேளுங்கள்.

கடைசியாக, பெயர். நம்மவர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டியது. பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், உயர்தரச் சான்றிதழில் மூன்றாவது விதமாகவும் ஆங்கில எழுத்துக்கள் இருக்கும். ஒன்றில் தகப்பன் பெயர் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் "த" வுக்கு எச் இருக்கும், ஒன்றில் இருக்காது. படிக்கும் காலத்தில் யாரும் கவனிப்பதில்லை. வேலையில் சேரும் வாரத்தில் மனிதவளப் பிரிவு எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்க்கும், கடவுச்சீட்டுக்குப் போனால் அங்கேயும் பார்ப்பார்கள். சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்துச் சில இடத்தில் சமாளிக்கலாம், எல்லா இடத்திலும் ஏற்கமாட்டார்கள். பதிவைத் திருத்துவதற்கோ மாதக்கணக்கில் அலைய வேண்டி வரும். பட்டச் சான்றிதழில் அச்சாகப் போகும் பெயர் கம்பஸில் பதிந்த நாளில் கொடுத்த பெயர். ஆகவே முதலாம் வருடத்தின் முதல் விடுமுறையில், ஊருக்குப் போகும்போது, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஓலெவல், உயர்தரச் சான்றிதழ், கம்பஸ் மாணவர் அட்டை ஐந்தையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து, ஒவ்வோர் எழுத்தாக அம்மாவோடு இருந்து சரிபாருங்கள். பிறப்புச் சான்றிதழிலோ அடையாள அட்டையிலோ பிழை இருந்தால் ஊரில் நிற்கும் அந்த நாட்களிலேயே பிரதேச செயலகத்துக்குப் போய்த் திருத்தத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் கொழும்புக்கு வாருங்கள்.